வரிசையின் முதல் கல்

1

"பேனா புடிச்சுட்டா மட்டும் பர்மாக்காரன் உன்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உக்கார வெச்சுடுவானா?"

நான் பத்தாம் வகுப்பு தேறிய அன்று என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கு அம்மா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லோர் காதிலும் விழட்டும் என்றே சித்தப்பா கேட்டார். நான்கு பேர் சிரித்தார்கள். அம்மா மட்டும் சித்தப்பாவின் டம்ளரில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

பதில் சொல்லக் கொஞ்ச காலம் ஆயிற்று. யாங்கூனின் ஓரத்தில், லைங் தாயாவில், ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இப்போது எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அதன் ஒரு கால் ஆடும். இருந்தாலும் அது நாற்காலிதான். தொழிலாளிகள் எழுதிக் கொடுக்கும் விடுப்பு விண்ணப்பங்களைப் படித்து, உண்மையா பொய்யா என்று பார்த்து மேலே அனுப்புவது என் வேலை. ஒரே மாமனாரை ஒரே வருடத்தில் மூன்று முறை சாகடித்தவர்களை எனக்குத் தெரியும். எழுதிய காகிதம் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்பதில் எனக்கு ஆறு வருட அனுபவம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கப்பல் ஏறியது நான் அல்ல, என் கொள்ளுத்தாத்தா. நான் பிறந்தது யாங்கூனில், பசுந்தாங்கில், ஐந்தாவது மாடியில். வீட்டில் என் பெயர் பூங்கொடி. அடையாள அட்டையில் மா தின் தின் வே. நான்கு தலைமுறையில் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் இங்கே கடைசி வகுப்பான பத்தாம் வகுப்பு வரை உட்கார்ந்துவிட்டு வெளியே வந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தமிழ் எழுத்து, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. அதனால்தான் எழுதினால் இப்படி ஒழுங்காக வருகிறது. பேசினால் மூன்றாவது வார்த்தையில் பர்மியம் நுழைந்துவிடும்.

இந்த ஆடி அமாவாசைக்கு எங்கள் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அப்பாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அது ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

எங்கள் ஆட்களை எரிப்பதில்லை, புதைப்போம். நகரத்தின் கிழக்கே, பசுந்தாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பழைய இடுகாட்டில் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை செய்ய வந்த தமிழர்களுக்காக அந்தக் காலத்தில் ஒதுக்கிய நிலம். முதலில் அது ஊருக்கு வெளியே இருந்ததாம். பிறகு ஊர் வளர்ந்து வந்து அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. இப்போது ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் அடுக்குமாடி. துணி காயப்போடும் பெண்கள் மூன்றாவது மாடியிலிருந்து எங்கள் முன்னோர்களை நேராகப் பார்க்கலாம்.

வரிசையில் ஒன்பது பேர். முதலில் கல். அதன் பக்கத்தில் தாத்தா, தாத்தாவின் இரண்டு தம்பிகள், அத்தைகள் என்று எட்டுப் பேர் மண்மேட்டில். எட்டாவது என் அம்மா. கல் உள்ளது முதல் ஆளுக்கு மட்டும். அவர்தான் கொள்ளுத்தாத்தா முத்தன், எங்கள் குடும்பத்தின் ஆரம்பம்.

முத்தனைப் பற்றி அப்பாவிடம் கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும். துறைமுகத்தில் இரண்டு ஆள் சுமையை ஒற்றை ஆளாகத் தூக்கியவர். மீசை காதுவரை போகும். அந்த மீசையைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி பயந்து படியிலிருந்து விழுந்தார். என் சிறு வயதில் அதிகாரி இரண்டு படி விழுந்தார். இப்போது பன்னிரண்டு படி விழுகிறார்.

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு முத்தன் செத்துப் போனார். அப்போது தாத்தாவுக்குப் பத்து வயது இருக்கும். குண்டு விழுந்ததும் ஜனங்களோடு ஜனமாக இந்தியாவுக்கு நடந்து போனவர், எல்லாம் அடங்கியபின் மீசை முளைத்துத் திரும்பி வந்தார். தன் அப்பாவைப் புதைத்த இடத்தைத் தேடினார். 'மரத்திலிருந்து மூன்றாவது' என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. மரம் இருந்தது. எண்ணினார். மூன்றாவது இடத்தில் ஒரு கல்லே நின்றது! "எங்கப்பனுக்குத் துறைமுகத்து மேஸ்திரி கல்லு வெச்சிருக்காரு" என்று அழுதாராம். கல்லில் எழுத்து இருந்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கூட வந்தவர்களுக்கும் தெரியாது. அப்பன் பெயர் அப்பன் கல்லில் இருக்கும், அதை எதற்கு இன்னொருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும்?

அன்றிலிருந்து ஆடி அமாவாசைதோறும் அந்தக் கல்லுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. அது காய்ந்ததும் கரியைக் குழைத்து, வீட்டின் மூத்த ஆண் ஒரு மீசை வரைவார். பிறகு மஞ்சள், பூ, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, அரை பாட்டில் ரம், பற்றவைத்த சுருட்டு. சுருட்டின் புகை நேராக மேலே போனால் முத்தன் சந்தோஷமாக இருக்கிறார். மழையில் சுருட்டு அணைந்துவிட்டால் சித்தப்பா அதை எடுத்துக் குடித்து முடிப்பார், முத்தன் சார்பில்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "அந்தச் சுருட்டுக்காரன் பக்கத்துல என்னைப் படுக்க வெச்சிராதீங்க, துணியெல்லாம் நாறும்" என்பார். எட்டாவது இடம் கிடைத்தது. புகை அவ்வளவு தூரம் வராது.

3

மழை தொடங்கிய வாரத்தில் இடுகாட்டுக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். நிலம் சாலைக்குப் போகிறது. உரிமை கோருபவர்களின் கல்லறைகளை நகருக்கு வெளியே ஒரு மணி நேரத் தூரத்தில் புதிய இடத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே குடும்பத்து வரிசை என்றால் அங்கேயும் ஒரே வரிசையாக வைப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் யாரும் கோராத எலும்புகள் எல்லாம் ஒரே குழிக்கு. அந்தக் குழிக்குப் பெயர்ப் பலகை கிடையாது.

அறிவிப்பு பர்மியத்தில் இருந்தது. அப்பா அதைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். "ஒரே குழின்னா?" என்றார்.

"எல்லாரும் ஒண்ணா. யாரு எதுன்னு தெரியாது."

"உங்கம்மாவுமா?"

"கோரலைன்னா அம்மாவும்தான்."

அவர் அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். படிவம் நிரப்ப வேண்டியவள் நான்தானே.

படிவம் நான்கு பக்கம். வரிசையின் முதல் ஆள் யார், கோருபவர் அவருக்கு என்ன உறவு, உறவுக்குச் சான்று என்ன. இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அப்பா கோவிந்தன், காகிதத்தில் ஊ லா மவுங். தாத்தா காகிதத்தில் ஊ பா தெயின். மூன்று பேரை வரிசையாக நிறுத்தினால் சந்தையில் தற்செயலாகச் சந்தித்தவர்கள் மாதிரி இருக்கும். முத்தனுக்கோ காகிதமே கிடையாது. மீசை மட்டும்தான்.

நான்காவது பக்கத்தில் கடைசியாக ஒன்று: கல் இருந்தால், எழுத்து தெளிவாகத் தெரியும்படி புகைப்படம், வேறு மொழியில் இருந்தால் பர்மிய மொழிபெயர்ப்பு.

"பாத்தியா, கல்லுலயே இருக்கு சான்று" என்றார் அப்பா. முகம் மலர்ந்துவிட்டது. "நீ படிச்சு எழுது. அதுக்குத்தானே படிச்சே."

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நான்கு பேர் போனோம். நான், அப்பா, சித்தப்பா, படமெடுக்க என் தங்கை சூசூ. அவளுக்குச் செல்வி என்று ஒரு பெயர் இருப்பது கோயிலில் அர்ச்சனைக்கு மட்டும்தான் பயன்படும். கைப்பேசியில் முகப்பூச்சு விற்கிறாள். தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்வாள். சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. தமிழில் திட்டினால் பாராட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

எழுபது எண்பது வருடச் சுண்ணாம்பு விரல் தடிப்புக்கு இருந்தது. தேங்காய் நாரும் மழுங்கிய கத்தியும் கொண்டு சுரண்டினேன். அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு மீசை. தாத்தா வரைந்த மீசைகள் மெலிதாக இருந்தன. அப்பா வரைந்தவை வருடத்துக்கு வருடம் நீண்டிருந்தன.

கடைசி அடுக்கும் போனதும் எழுத்து தெரிந்தது. நன்றாக வெட்டிய எழுத்து. முதல் வார்த்தையைப் படித்தேன்.

"கூலி."

"ஆமா, கூலிதான்! கூலி முத்தன்!" அப்பா சித்தப்பாவின் தோளில் தட்டினார்.

நான் அடுத்த வார்த்தையை மூன்று முறை மனசுக்குள் படித்துவிட்டுச் சொன்னேன். "அங்கம்மாள்."

"யாரு அது?"

"இதுக்குள்ள இருக்கறவங்க."

டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. சூசூ கைப்பேசியைக் கீழே இறக்கினாள். இதை மட்டும் அவள் தமிழில் கேட்டாள்: "அப்பா, பொம்பளைக்கா இத்தனை வருஷமா மீசை வெச்சீங்க?"

"சேயாமா தப்பாப் படிக்கிறாங்க" என்றார் சித்தப்பா. சேயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா. எங்கள் வீட்டில் அது திட்டு. "அது அந்தக் காலத்து எழுத்து. இவ படிச்சது இந்தக் காலத்து எழுத்து."

"அங்கம்மாளுக்கு அந்தக் காலத்துலயும் அங்கம்மாள்னுதான் பேரு, சித்தப்பா."

முழுவதையும் படித்தேன். 'கூலி அங்கம்மாள். அரிசி ஆலையில் பாடுபட்டவள். உயிரோடு இருக்கும்போதே இந்தக் கல்லைத் தானே வைத்துக்கொண்டாள். எனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.' இறந்த நாளுக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. வெட்டச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பா கல்லைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கரித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல எடுத்து வந்திருந்தார்.

"படிக்க வெச்சதுக்கு நல்ல பலன்" என்றார் சித்தப்பா. "ஒரே காலையில குடும்பத்துக்குத் தாத்தா இல்லாம பண்ணிட்டா."

5

பஸ்ஸில் திரும்பும்போதே சித்தப்பாவிடம் திட்டம் தயாராகிவிட்டது. கல்லின்மேல் சிமெண்ட் பூசி, 'முத்தன்' என்று வெட்டி, அதைப் படமெடுத்துவிடலாம். கல்வெட்டும் ஆளைக்கூட அவருக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு எப்போதும் ஒரு ஆளைத் தெரியும்.

ஒப்புக்கொள்கிறேன், அரை பஸ் தூரம் நானும் அதை யோசித்தேன். ஆனால் இடுகாட்டுக்கு ஒரு பதிவேடு உண்டு. அலுவலகம் அதையும் பார்க்கும் என்று அறிவிப்பில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிமெண்ட் குழைக்கக் கூடாது.

பதிவேடு நகரின் நடுவில், பபேடானில், ஒரு மசாலாக் கடைக்குப் பின்னால் உள்ள இடுகாட்டுக் கமிட்டி அறையில் இருந்தது. அதைக் காப்பவர் ராஜாமணி, ஐம்பது வயது. தன் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தவை அலமாரிச் சாவியும் எரிச்சலும். நானும் அப்பாவும் போய் நின்றோம்.

"எந்த வரிசை?"

"மரத்துக்கிட்ட, கல்லு வெச்ச வரிசை" என்றார் அப்பா.

"அங்கம்மாள் குடும்பமா? அப்படிச் சொல்லுங்களேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ராஜாமணி பக்கத்தைத் திறந்தார். மேலே ராஜாமணியின் அப்பா கையெழுத்தில் 'அங்கம்மாள் குடும்பம்' என்று தலைப்பு. கீழே ஒவ்வொரு அடக்கத்துக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'மேற்படி குடும்பத்தார் என உறுதி கூறுகிறேன்', அதன்மேல் ஒரு கைநாட்டு. தாத்தாவின் கைநாட்டு நான்கு. தாத்தா போனபின் அப்பாவின் கைநாட்டு.

"கைநாட்டு வைக்கும்போது என்ன எழுதியிருக்குன்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு ஏறறதுக்கு முன்னாடியே கல்லுல இருந்த பேரை எங்கப்பா எழுதிக்கிட்டார். உங்க ஆளுங்க 'எங்க வரிசை'ன்னாங்க. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அவங்கவங்க பாட்டி பேரு அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

"வருஷா வருஷம் மீசை வரைஞ்சாங்களே!"

"உங்க குலசாமி வழக்கம் போலன்னு நெனச்சேன். ஒருத்தர் சாமியைப் போய் நான் கேக்க முடியுமா?"

கடைசி வரி அம்மாவுடையது. அப்பாவின் கைநாட்டு கொஞ்சம் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, அங்கம்மாள்மீது அல்ல. அன்று நானும் உயிரோடு, பசுந்தாங்கில், எழுதப் படிக்கத் தெரிந்தவளாகத்தான் இருந்தேன். பத்தாம் வகுப்பு தேறி ஒரு வருடம். அடக்கத்துக்குப் பெண்கள் வரக் கூடாது என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆளை ஐந்தாவது மாடியில் விட்டுவிட்டு, படிக்கத் தெரியாத ஆறு ஆண்கள் பதிவேட்டுக்குப் போய் உறுதி கூறிவிட்டு வந்தார்கள். ஆடி அமாவாசைக்கு மட்டும் பெண்கள் வரலாம். குழம்புச் சட்டியைத் தூக்கி வர ஆள் வேண்டுமே.

கோபம் ஆறியதும் தலைக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டாள். முத்தனோடு எங்களைச் சேர்க்க இந்த உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அங்கம்மாளோடு எங்களைச் சேர்க்க எட்டுக் கைநாட்டு இருக்கிறது. பர்மியப் பெயர், தமிழ்ப் பெயர் என்று எதுவும் குழப்ப முடியாத விரல் ரேகை. நாங்கள் அங்கம்மாள் குடும்பம் என்று கோரினால் அம்மா உட்பட ஒன்பது பேரும் ஒரே வரிசையாகப் போவார்கள். முத்தன் குடும்பம் என்று கோரினால் எல்லோரும் பெயரில்லாத குழிக்கு.

அப்பாவிடம் இதைத் தெருவில் நின்றபடி விளக்கினேன். கேட்டுவிட்டு, "என்னால பொய் சொல்ல முடியாது" என்றார்.

"எட்டு தடவை சொல்லியாச்சு அப்பா. அதுல நாலு நீங்க சொன்னது."

6

மொழிபெயர்ப்பை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். முதல் மூன்று வரியும் சுலபம். நான்காவது வரியில் பேனா நின்றது. எனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

"அந்த ஒரு வரியை முழுங்கிடு" என்றார் சித்தப்பா. அன்று வேலை இல்லாததால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பர்மாக்காரனுக்குத் தமிழ் தெரியுமா? அடியில ஏதோ வேலைப்பாடுன்னு நெனச்சுக்குவான்."

சூசூவும், "யபாடே அக்கா, விட்டுடு" என்றாள். யபாடே என்றால் பரவாயில்லை. இந்த நகரமே அந்த வார்த்தையில்தான் ஓடுகிறது.

நான் முழுங்கினேன். மூன்று வரி மொழிபெயர்ப்பு, பார்க்க அழகாக இருந்தது. அதோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் அப்பா. மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசாத அப்பா, கைநாட்டு வைப்பதற்காக மட்டும் வந்தார்.

பாதி வழியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுப்பு விண்ணப்பத்தில் இதே வேலையைச் செய்பவர்களைத்தான் நான் சிவப்புப் பேனாவால் சுழித்து அனுப்புகிறேன். அந்தப் பெண் அரிசி மூட்டை சுமந்து, பசியோடு சேர்த்து வைத்து, தன்னைப் பற்றிச் சொல்ல நான்கு வரி வெட்டி வைத்திருக்கிறாள். நாங்கள் எண்பது வருடம் அதைச் சுண்ணாம்பால் மூடினோம். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கத் தெரிந்தவள் வந்து அதில் ஒரு வரியை மறுபடி மூடினால், நான் என்ன, வெள்ளையடிக்கிற ஆள்தானே? மடியில் பையை வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து நான்காவது வரியையும் எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாகிவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

அலுவலகத்தில் எங்கள் படிவத்தைப் பார்த்த பெண்மணி டோ மியா. வெற்றிலை போட்ட வாய், கன்னத்தில் தநாக்கா மரப்பட்டைப் பூச்சு, மூக்கின் நுனியில் கண்ணாடி. பதிவேட்டு நகலைப் பார்த்தார், கைநாட்டுகளை எண்ணினார், தலையாட்டினார். பிறகு மொழிபெயர்ப்பைப் படித்தார். கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. பேச்சு பர்மியத்தில் நடந்தது.

"சொந்தம் யாரும் இல்லைன்னு அந்தம்மாவே சொல்லுது. நீங்க குடும்பம்ங்கறீங்க. நான் எதை எழுதட்டும், பெண்ணே?"

நான் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். பதிவேடு, தொடர்ச்சியான அடக்கம், அறிவிப்பின் இரண்டாம் பத்தி. வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"அவங்க எழுதினப்போ யாரும் இல்லை. அது உண்மை. அப்புறம் நாங்க வந்துட்டோம்."

டோ மியா அவரைப் பார்த்தார்.

"எங்கப்பா தப்பா எண்ணி அவங்ககிட்ட வந்துட்டாரு. வந்ததுலேருந்து ஒரு வருஷம் விடாம சோறு வெச்சோம். எங்க ஆளுங்க எட்டுப் பேர் அவங்க பக்கத்துல படுத்திருக்காங்க. என் சம்சாரமும்." கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மீசை வெச்சது மட்டும் தப்பு."

"என்ன மீசை?"

அப்பா சொன்னார். முழுவதையும், சுருட்டு உட்பட. டோ மியா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தாம் வகுப்பு தேறியவள் வாய் திறக்கவில்லை, மீசை வரைந்தவர் பேசி முடித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் டோ மியா மைப்பெட்டியை அப்பா பக்கம் தள்ளினார். உறவு என்ற கட்டத்தில் 'குடும்பம்' என்று அவரே எழுதினார். அப்பா கட்டை விரலை அழுத்தினார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. புதிய இடத்தில் ஒரு வரிசை, ஒன்பது குழி, தலைவர் அங்கம்மாள். எட்டாவது அடக்கம் என்று அம்மாவின் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

7

ஆடி அமாவாசைக்குப் போனோம். சுண்ணாம்பு இல்லை, கரி இல்லை. சுருட்டு வைக்கலாமா வேண்டாமா என்று சண்டை வந்தது. அரிசி ஆலைப் பெண்கள் அந்தக் காலத்தில் சுருட்டு குடித்தார்கள் என்று சித்தப்பா சாதித்தார். வைத்தோம். புகை நேராகத்தான் போனது.

அப்பா மட்டும் வரிசையில் நிற்கவில்லை. தனியாக ஏதோ எண்ணிக்கொண்டு நடந்தார். டயர் கடைச் சுவரோரம் இன்னொரு மரம் இருக்கிறது, இதைவிட வயதானது. அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. அந்த இடத்தில் கல் இல்லை. உள்வாங்கிய மண், மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இவருதான்னு எப்படித் தெரியும்?" என்றார் சித்தப்பா. "இதுலயும் ஒரு அம்மா இருந்தா?"

"இருந்தா அவங்களுக்கும் சோறு" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். "இவரை விட்டுட்டுப் போனா ஒரே குழிக்குத்தானே போவாரு?"

அறிவிப்பை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். கல் இல்லாத, பதிவு இல்லாத இடத்தைப் பொறுப்பேற்க முன்வரும் எவரும் கோரலாம். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வரிசையோடு சேர்க்கவும் கேட்கலாம். அதற்கு ஒரு பக்கப் படிவம் போதும்.

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில் அதை என் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர்: முத்தன் என்று நம்பப்படுகிறது. தொழில்: துறைமுகக் கூலி. அடையாளம் என்ற இடத்தில் மீசையை எழுதி அடித்துவிட்டேன், எலும்பில் அது இருக்காது. கடைசியாக, வரிசைத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். அங்கம்மாளும் முத்தனும் உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் பார்த்தார்களா என்றே தெரியாது. கணவன் என்று எழுதச் சொன்னார் சித்தப்பா. அவளைக் கேட்காமல் கல்யாணம் செய்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

'பக்கத்து வீட்டுக்காரர்' என்று பர்மியத்தில் எழுதி, அன்று மாலையே டோ மியாவின் மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன்.